கீழ்த்தட்டும் மேல்தட்டும்

முத்தையும் பவளத்தையும் இறைவனின் அருட்கொடைகளுள் வைத்து எண்ணுகிறது திருமறையின் அர்ரஹ்மான் அத்தியாயம். வானை உயர்த்தியவன் தராசையும் நிறுவினான், அதில் வரம்பு மீறலாகாது என்ற எச்சரிக்கையும் அதே அத்தியாயத்தில்தான் உள்ளது. அருட்கொடையை நினைவில் வைத்த நாம், தராசை மறந்துவிட்டோமோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

அணிகலனாகும் செம்பவளத்தைப் பற்றியதன்று நம் பேச்சு. அதற்கு உறவான, பாறை கட்டும் பவள உயிர்களைப் பற்றியது. கடுகளவும் மிளகளவுமான அவ்வுயிர்கள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தமக்கு வீடு கட்டுகின்றன. உருண்டு திரண்ட வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. கடலடிப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இப்பாறைகளை நம்பிக் கடலுயிர் வகைகளில் ஏறத்தாழ கால் பங்கு வாழ்கிறது. அலையின் வேகத்தை உடைத்துக் கரையைக் காப்பவையும் இவையே.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் இருந்தன. அவற்றைச் சூழ்ந்த பாறைகள் சுண்ணாம்புக் காளவாய்களுக்காகவும் கட்டடங்களுக்காகவும் பல்லாண்டுகள் பெயர்க்கப்பட்டன. காவலிழந்த இரு தீவுகள் கடலுள் அமிழ்ந்தன. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001இல் பவள உயிர்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. அதன்பின் சில ஆண்டுகளில் பாறை பெயர்க்கும் தொழில் ஓய்ந்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மூச்சடக்கி மூழ்கிக் கல் பெயர்த்தவன் செல்வந்தனல்லன். அன்றாடக் கஞ்சிக்காக வள்ளம் ஏறியவன். அவனைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாமா?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறிய கப்பல் உவமை இங்கு நினைவுக்கு வருகிறது. கீழ்த்தட்டில் இருந்தோர் தண்ணீருக்காக மேலே ஏறிவர வேண்டியிருந்தது. மேலே உள்ளவர்களுக்கு ஏன் தொல்லை தர வேண்டும், நம் பகுதியிலேயே துளையிட்டுக்கொள்வோம் என எண்ணினார்கள். மேல்தட்டினர் அவர்கள் கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். துளையிட நினைத்தவர்கள் தீயவர்களல்லர், தாகித்தவர்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். தாகித்தவனின் கையைத் தடுப்பவனுக்கு அவன் தாகம் தீர்க்கும் கடமையும் உண்டு. சட்டத்தால் ஏழையின் கையைப் பிடித்தது முறையே. அவன் பிழைப்புக்கு வேறு வழி காட்டினோமா என்பதை நம் நெஞ்சையே கேட்போமாக!

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. பவள உயிரின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் அளிக்கின்றன. கடல் அளவுக்கு மீறிச் சூடேறினால் அப்பாசிகள் பிரிந்துவிடுகின்றன. பவளம் வெளுக்கிறது, வெப்பம் நீடித்தால் பட்டினியால் மடிகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்த வெளுப்பு நேர்ந்தது. அந்தச் சூட்டை மூட்டியவன் கடப்பாரை ஏந்திய ஏழையல்லன். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து வசதியைப் பெருக்கிக்கொண்ட, கடலையே கண்டிராத மக்கள்தாம். துளை இப்போது மேல்தட்டில் விழுகிறது. நீரோ முதலில் கீழ்த்தட்டில்தான் புகுகிறது. மீன் குறைந்த கடலும் அரிக்கப்படும் கரையும் மீனவனின் பங்காகின்றன.

கீழ்த்தட்டினரின் கையைப் பிடிக்கச் சட்டம் உண்டு. மேல்தட்டினரின் கையை யார் பிடிப்பது? இறையச்சமே பிடிக்க வேண்டும். பூமியில் மனிதன் இறைவனின் பிரதிநிதி, உடைமையாளன் அல்லன். ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைக் குறையின்றித் திருப்பித் தரக் கடமைப்பட்டவன். விளக்கைத் தேவையின்றி எரிக்கும்போதும், வீண் விரயத்தை அந்தஸ்தாகக் கருதும்போதும், தராசின் மறுதட்டில் கண்காணாக் கடலடியில் ஓர் உயிர் வெளுத்துக்கொண்டிருப்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அந்தத் தராசு நாளை மறுமையிலும் நம்முன் வைக்கப்படும். அன்று நம் கரங்கள் வெறுங்கரங்களாக இராதிருக்க வல்ல நாயன் அருள்வானாக!