'ஸ்னஃபூ': ஒரு சொல்லும் பொறுப்பு என்னும் வினாவும்

ஆங்கிலத்திலே ஒழுங்கின்மையைக் குறிக்க வழங்கும் விளையாட்டுச் சொற்கள் பல. அவற்றுள் 'ஸ்னஃபூ' என்பது வயதில் இளையது. இரண்டாம் உலகமகா யுத்த காலத்தில், 1941ஆம் ஆண்டளவில், அமெரிக்கப் படையினரிடையே அது வழக்குக்கு வந்தது. 'நிலைமை வழமைபோலவே உளது; யாவும் குழம்பிக் கிடக்கின்றன' எனப் பொருள்தரும் ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள் கூடி அச்சொல்லாயின. நான்காம் எழுத்துக் குறித்தது உண்மையில் ஓர் இடக்கர்ச்சொல். அச்சேறியபோது அவ்விடத்தில் நாகரிகமானதொரு சொல் புகுத்தப்பட்டது. சொல்லாராய்ச்சியாளருக்கு இது சுவை பயக்கலாம். ஆயின் அறவியல் நோக்கில் கவனத்துக்குரியது அவ்விழிசொல்லன்று, 'வழமை' என்பதேயாம்.

படைத்துறை அறிக்கைகளிற் சுருக்கக் குறியீடுகள் மலிந்திருந்தன. சாதாரண சிப்பாய் அவ்வடிவத்தையே கைக்கொண்டு, மேலிடத்தின் குரலிலேயே மேலிடத்தைப் பழித்தான். குழப்பம் தற்செயலானதன்று, அமைப்பின் இயல்பே அதுதான் என்பது அவன் கூற்று. முறைப்பாடு செய்து பயன்காண அவனுக்கு வழியிருக்கவில்லை, சிரிக்க வழியிருந்தது.

பிரெஞ்சு மெய்யியலாளர் பேர்க்சன், 1900இல் வெளியான 'சிரிப்பு' என்னும் நூலில், நகைப்பினைச் சமுதாயம் தன் உறுப்பினரைத் திருத்தக் கையாளும் கருவியாக விளக்கினார். சிப்பாயின் சிரிப்போ எவரையும் திருத்தவில்லை. திருத்த முனைந்த சிரிப்பு மேலிருந்தே வந்தது. 1943 முதல் 1945 வரை அமெரிக்கப் படையினருக்கெனக் கேலிச்சித்திரப் படங்கள் சில தயாரிக்கப்பட்டன. குழந்தை நூல்களால் உலகறிந்த தியடோர் கைசல் அவற்றுக்கு எழுதியோருள் ஒருவர். அப்படங்களின் நாயகனது பெயர் 'சிப்பாய் ஸ்னஃபூ'. இரகசியங்களை உளறுபவனும், நுளம்புவலையைப் புறக்கணிப்பவனும், பொறிவெடியில் அகப்படுபவனும் அவனே.

இங்கு நிகழ்ந்த மாற்றம் சிறிதன்று. அமைப்பைச் சுட்டிய சொல் ஒரு மூடனின் பெயராயிற்று. தொல்காப்பியர் எள்ளலையும் பேதைமையையும் நகையின் வெவ்வேறு நிலைக்களன்களாகக் கொண்டமை ஈண்டு நினைக்கத்தக்கது. சிப்பாய் எள்ளினான், படங்கள் அவனது பேதைமையைக் காட்டின. 'முறைப்பாடுகள்' எனப் பொருள்படும் தலைப்புடன் 1943இல் வந்த படத்தில், இராணுவ வாழ்வைக் குறைகூறும் ஸ்னஃபூவிடம் பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது, யாவும் சீர்குலைகின்றன. குறைகூறலே அங்கு நகைப்பொருளாகிவிடுகின்றது.

மலேரியாவும் வாய்காவாமையும் உயிர்களைக் கொண்டன என்பது மெய். தனிமனிதனின் கவனயீனத்தைக் கண்டிப்பதில் தவறில்லை. ஆயினும் 1944 ஏப்பிரல் 28ஆம் நாள் இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் நிகழ்ந்ததை எவ்வகையிற் சேர்ப்பது? நோர்மண்டித் தரையிறக்கத்துக்கான ஒத்திகையின்போது அமெரிக்கத் துருப்புக்களை ஏற்றிய கப்பல்களை ஜேர்மன் விசைப்படகுகள் தாக்கின. கட்டளைத் தாளில் வானொலி அலைவரிசை பிழையாகத் தட்டச்சிடப்பட்டிருந்தமையால், பிரித்தானியக் கடற்படையின் எச்சரிக்கை அக்கப்பல்களுக்கு எட்டவில்லை. இறந்தோர் தொகை 749 எனப் பரவலாகக் கொள்ளப்படுகிறது. உயிர்காப்பு மிதவையை மார்பிலன்றி இடுப்பிற் கட்டியிருந்தமையாற் பலர் தலைகீழாகி நீரில் மூழ்கினர்.

மிதவையைப் பிழையாகக் கட்டியவன் சிப்பாயே. படத்தில் வரும் ஸ்னஃபூவும் அவ்வாறே செய்திருப்பான், பார்த்திருந்தோர் சிரித்திருப்பர். கட்டும் முறையை அவனுக்குக் கற்பித்திருக்க வேண்டியவர் யார் என்பது வேறு வினா. உயிர்தப்பியோருக்கோ, நிகழ்ந்ததுபற்றி வாய்திறக்கலாகாது எனக் கட்டளை பிறந்தது.