மூன்று நாள் வழி

கடவுள் கேட்டதாக நம்பி, மகன் ஈசாக்கைப் பலியிடக் கிளம்பிய ஆபிரகாமின் கதையில் நமக்கு நினைவிருப்பது ஓங்கிய கத்திதான். டென்மார்க்கின் தத்துவஞானி கீர்க்கேகார்ட், 1843-இல் புனைபெயரில் வெளியிட்ட 'அச்சமும் நடுக்கமும்' நூலில், நம்மை அந்த வழியில் நடக்க வைக்கிறார். அதிகாலையில் எழுந்து, கழுதைக்குச் சேணம் கட்டி, விறகு பிளந்து, மோரியா மலை நோக்கி மூன்று நாள். கேட்டது கடவுளின் குரல்தானா? யாரிடம் போய் விசாரிப்பது? மனைவி சாராளிடமும் சொல்ல முடியாத சங்கதி.

ஆவேசத்தில் ஒரு நொடியில் துணிந்துவிடலாம். அது பெரிய காரியமில்லை. இரண்டாம் நாள் உச்சிவெயிலில், திரும்பிப் போகும் பாதை திறந்தே கிடக்க, மகன் பக்கத்தில் நடந்துவர, அடுத்த அடி எடுத்து வைப்பதுதான் என்னைத் திகைக்க வைக்கிறது. இது விசுவாசமா, வெறியா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. நூலின் புனைபெயர்க்காரரே ஆபிரகாமைத் தனக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார்.

அவர் இதே கதையை நான்கு விதமாகக் கற்பனை செய்தும் பார்க்கிறார். அவற்றில் ஒன்றில் மகன் பிழைத்துக்கொள்கிறான். ஆனால் கத்தியை உருவும் வேளையில் அப்பாவின் இடக்கை இறுகியதை, உடம்பு நடுங்கியதை அவன் பார்த்துவிடுகிறான். வீடு திரும்பிய ஈசாக்கிடம் விசுவாசம் இல்லை. அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசவுமில்லை.