நண்பர் பிரிவும் நினைவின் இயல்பும்

இறந்தாரை நினைந்து இரங்குதல் பாசத்தின் பாற்படுமோ, அன்பின் பாற்படுமோ என்னும் வினா நம்மனோர்க்குப் புதிதன்று. மடங்களிலும் சித்தாந்த வகுப்புக்களிலும் பல்காலும் எழுவது. எழுந்தபொழுதெல்லாம் பெரும்பாலும் ஒரே விடையைப் பெறுவது. உடம்பு மாயையின் காரியம். உறவு வினையின் பயன். இவ்விரண்டும் கழிந்தவழிக் கலங்குதல் அறியாமை என்பது அவ்விடை. அது பிழையென்று யாம் கூறப் புகவில்லை. ஆயினும் அதனை அளவு கடந்து நீட்டுவார் நம் சமயத்தின் உயிர்நிலை ஒன்றை நழுவவிடுகின்றனர் என்பது எமது கருத்து. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு ஏதுவாயது எம் நண்பர் ஒருவரது மறைவு. 52 ஆண்டு எம்மொடு பழகியவர். பாத்திரக் கடை வைத்துப் பெருங்குடும்பமொன்றைத் தாங்கியவர். தமையனார் இளமையில் இறந்துபடவே, அவர் மக்கள் மூவரையும் தம் மக்களோடு வேற்றுமையின்றி வளர்த்து ஆளாக்கியவர். சமய விசேட தீக்கைகள் பெற்றுச் சந்தி தவறாது செய்துவந்தார். நிருவாண தீக்கைக்கு யாம் தூண்டியபொழுதெல்லாம், "கடைசிப் பெண்ணின் திருமணம் ஆகட்டும்" என்பார். அஃது ஆனபின், "பேரன் தலையெடுக்கட்டும்" என்பார். எங்கள் ஊர்ச் சித்தியார் வகுப்பில் 30 ஆண்டுக்கு மேலாக அவரும் யாமும் ஒரே பாயில் அமர்ந்து பாடங் கேட்டோம். மணி நாலரை ஆயிற்றென்றால் நூலை மூடி வைத்து எழுந்துவிடுவார். பேர்த்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டும். பரபக்கத்தில் அப்பொழுது எந்தச் சமயம் மறுக்கப்பட்டுக்கொண்டிருந்தாலும், அச்சமயம் மறுப்பினின்றும் அன்று அவரளவில் தப்பிவிடும்!

அத்துணை ஆண்டிலும் அவர் ஆசிரியரை வினாவிய வினா ஒன்றே. பதினொன்றாஞ் சூத்திரம் நடந்த ஒரு மாலையில், "ஐயா, முத்தியில் என் மனைவியை யான் அறிவேனா?" என்று கேட்டார். உடன் கேட்டோருட் சிலர் நகைத்தனர். ஆசிரியர் நகைத்திலர். முத்தியில் இன்னார் இன்னது என்று சுட்டியறியும் அறிவு நிகழாதென்றும், உயிர் சிவத்தில் அழுந்தி நிற்குமென்றும் பொறுமையோடு விளக்கினார். நண்பர் முழுதுங் கேட்டு, "அப்படியாயின் எனக்கு அவசரமில்லை, ஐயா" என்று கூறி, நேரமாயிற்றென்று எழுந்து போயினார்.

சென்ற ஆண்டு கார்த்திகைத் திங்களில் அவர் காலஞ்சென்றார். பதினாறாம் நாளன்று அங்கு வந்திருந்த கற்றறிந்த பெரியார் ஒருவர், இல்லத்தை இத்துணை இறுகப் பற்றியவர்க்கு வீடு சேய்த்தே என்றும், அத்தகையாரை நினைந்து அழுவது பாசத்தின்மேற் பாசம் என்றும் மொழிந்தார். மனையையும் முத்தியையும் நம் மொழி ஒரு சொல்லாலேயே வழங்குவதை அப்பெரியார் அப்பொழுது எண்ணிப் பார்த்திலர் போலும்.

நண்பன் என்பவன் நிலை சடங்கு நூலின்கண் இரங்கத்தக்கது. துறவிக்குக் குருபூசை உண்டு. இல்லறத்தானுக்கு மக்கள் செய்யுஞ் சிராத்தம் உண்டு. பங்காளிகளுக்குத் தீட்டு உண்டு. நண்பனோ சுடலையினின்று மீண்டு நீராடியதோடு தன் கடன் முடிந்தவனாகின்றான். மாளய அமாவாசைத் தருப்பணத்தில் உறவின் முறையார் வரிசை கழிந்தபின் ஆசிரியரோடு நண்பரையும் எண்ணும் வழக்கம் ஒன்றுண்டு. அஃதொன்றே அவனுக்குக் கிடைத்த இடம். ஆதலின் நண்பன் செய்யத்தக்கது நினைத்தலன்றிப் பிறிதில்லை. அந்நினைத்தலும் குற்றமாமெனின் அவனுக்கு எஞ்சுவது யாது?

இனிப் பொருளை நோக்குவோம். உடம்பே உயிரென்னும் உலகாயதர்க்கு, உடம்பு வெந்தபின் நினைக்கப்படுவதோர் பொருளே இல்லை. யாவுங் கணந்தோறும் அழியுமென்னும் புத்தர்க்கு, அன்று நட்புச் செய்தாரும் இலர். இன்று நினைவாரும் அவரல்லர். உயிர் ஒன்றே என்பார்க்குப் பிரிவு பொய். பிரிவு பொய்யாகவே கூட்டமும் பொய்யாய் முடியும். நம் சித்தாந்தமோ உயிர்கள் பல என்றும், அநாதி நித்தம் என்றும், முத்தியினும் உயிரின் உண்மை கெடுவதில்லை என்றும் நிறுவுகின்றது. எனவே, "அவர்" என்று யாம் சொல்லும்பொழுது அச்சொல்லுக்கு இன்றும் பொருள் உண்டு. தந்தை, கணவர், கடைக்காரர் என்னும் பெயர்கள் உடம்போடு வந்து உடம்போடு போயின என்பது மெய்யே. அப்பெயர்களின்கீழ் நின்று தமையன் மக்களைத் தம் மக்களாக நோக்கிய இச்சை யாருடையது? அஃது உயிரின் இச்சை. கருவிகள் அதனை வெளிப்படுத்தின; உண்டாக்கவில்லை.

ஈண்டு ஒரு தடை நிகழும். உயிர் சார்ந்ததன் வண்ணமாதற்குப் பளிங்கினை உவமை கூறுவர். செம்பரத்தைப் பூ அருகிருக்கப் பளிங்கு செந்நிறங் காட்டும். பூவை அகற்றினால் நிறமும் அகலும். நண்பர் அகன்ற பின்னும் எம் உயிரில் அவர் நிறம் நிற்பது எவ்வாறெனின், பெருங்காயம் இருந்த பாண்டத்தில் மணம் நிற்குமாறு போலும் என்க. அங்ஙனமாயின் அது வாசனையாகும். வாசனாமலம் ஐந்தெழுத்தோதி நீக்கத்தக்கது என்றன்றோ ஒன்பதாஞ் சூத்திரத்தின்வழி நூல்கள் விதிக்கும்? ஆகவே அப்பெரியார் கூறியதே சரியாய் முடியுமே எனின், தடை வலியுடையதே. இதற்கு விடை கூறாது கடந்து செல்லுதல் தகாது.

இறந்தாரை நினைக்கும் நினைவினுள் இரண்டு கலந்து கிடக்கின்றன. ஒன்று, "எனக்கு உற்ற துணை போயிற்று, மாலையில் என்னொடு நடக்க ஆளில்லை" என்பது. அதன் எழுவாய் "யான்." போனவரை அது நோக்குவதில்லை, தன் குறையையே நோக்குகின்றது. யான் எனது என்னுஞ் செருக்கின் வாசனை அதுவே. ஐந்தெழுத்தாற் கழுவத்தக்கதும் அதுவே. மற்றொன்று, "அவர் விட்டுச்சென்றது யாது? அவர் வேண்டியது யாது?" என்று அவரை நோக்கி எழுவது. நெருப்பில் இட்ட ஈர விறகிற் புகையும் கனலும் ஒருங்கே எழுமாறுபோல இவ்விரண்டும் ஒருங்கெழும். முதல் நாட்களிற் பிரித்தறிதல் அரிது. பின்னர்ச் செயலில் வெளிப்படும்.

இதற்குச் சங்கத்துச் சான்று ஒன்று உண்டு. பாரி இறந்தபொழுது அவனொடு உயிர் கலந்த கபிலர் உடனே இறக்கத் துணிந்திலர். அவன் மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடஞ் சென்றார், அவன் மறுத்தான். இருங்கோவேளிடஞ் சென்றார், அவனும் மறுத்தான். பிறர் வாயிலில் நின்று அறியாத அந்நாவலர் பெருமகன் நண்பன் மக்கள் பொருட்டு நின்றார். அவர்களைப் பார்ப்பார்ப்படுத்தபின் வடக்கிருந்தார் என்று புறநானூற்றுக் குறிப்பு உரைக்கின்றது. அட்டவீரட்டங்களுள் ஒன்றாகிய திருக்கோவலூர்த் திருக்கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று, அவர் பாரி மகளை மலையனுக்கு உதவி, அதன்பின் பெண்ணையாற்றிலுள்ள ஒரு கல்லில் தீப்புகுந்தார் என்று கூறும். முடிவு கூறுவதில் இரண்டும் வேறுபடினும், மகளிர் முன், தம் இறப்புப் பின் என்னும் வரிசையில் வேறுபடவில்லை. தம் உயிரைத் தாமே போக்கியதை யாம் போற்றவில்லை, அவ்வரிசையையே போற்றுகின்றோம். "யான்" என்னும் துயரை நிறுத்திவைத்து, "அவன்" என்னும் நினைவு முன் நடந்தது.

இனி, இல்லறத்தாரை அவர்தம் இல்லத்தோடும் தொழிலோடும் சேர்த்து நினைப்பது சைவத்துக்கு ஒவ்வாதென்பார் திருத்தொண்டத்தொகை பிறந்த வரலாற்றை எண்ணுதல் நன்று. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து அடியார் கூட்டத்தை நோக்கி நம்பியாரூரர் அருளியது யாது? நினைவன்றோ! அதனுள் நினைக்கப்பட்டவர் குயவர், வேடர், பரதவர், ஏகாலியர், வணிகர், வேளாளர், பெரும்பாலோர் மனையறத்தார். அதனைத் தொகையாக வைத்து நம்பியாண்டார் நம்பிகள் வகை செய்தார். 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் விரித்தார். விரித்தவர், "இவை மாயாகாரியம்" என்று எதனை விலக்கினார்? இளையான்குடி மாறனார் மழை இரவில் வித்திய நெல்முளையை வாரிவந்தது மனைவியார் சொற் கேட்டு என்பதை விடவில்லை; கூரையை அறுத்து அடுப்பெரித்ததை விடவில்லை. திருநீலகண்டரும் மனைவியாரும் ஒரு மனையிற் புணர்ச்சியின்றி முதுமை எய்தியதையும், தண்டொன்றின் இருபுறமும் பற்றிக் குளத்தில் மூழ்கியதையும் விடவில்லை. இவற்றை நீக்கிவிட்டால் திருத்தொண்டர் புராணத்தில் எஞ்சுவது பெயர்ப் பட்டியலே. இன்னும் அத்தொகை, "அப்பாலும் அடிச்சார்ந்தார்" என ஒரு கூட்டத்தை வைத்து, பின்வருவார்க்கும் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றது. எம் நண்பர் அதனுட் புகுந்தாரோ இலரோ, அதனை அறிபவன் இறைவன். புகாரென்று கூற அப்பெரியாரும் அதிகாரியல்லர்.

அப்பூதியடிகள் மகனை இழந்தும் அழுதிலரே என்று ஒருவர் வினாவலாம். திங்களூரில் அடிகளும் மனைவியாரும் மகனுடலை மறைத்துவைத்தது திருநாவுக்கரசர் அமுது செய்தற்கு இடையூறு வாராமைப் பொருட்டே. துயரம் இல்லாமையை அது காட்டாது. துயரத்தினும் பெரியதோர் அன்பு இருந்ததைக் காட்டும். அன்றியும், மூத்த மகனைக் கேட்ட அரசர்க்கு, "இப்பொழுது அவன் உதவான்" என்னும் மொழி செவியிற் பட்டவுடன் உள்ளந் தடுமாறிற்றென்று சேக்கிழார் கூறுகின்றார். தடுமாறியவர் யார்? முற்றத் துறந்தவர், பற்றற்றார்க்கெல்லாம் தலைவர். அவர், "இறந்தது உடம்பே, கவலற்க" என்று உபதேசித்து அமுது செய்திருக்கலாம். செய்திலர். பிள்ளையின் உடலைத் திருக்கோயிலின் முன் கொணர்வித்துப் பதிகம் பாடினார். பிரிந்தார்க்கு இரங்குதல் துறவுக்கு இழுக்கன்றென்பதற்கு இதனினும் வேறு பிரமாணம் வேண்டுமோ?

இனி எம் நண்பர் வினாவிய வினா எஞ்சி நிற்கின்றது. ஆசிரியர் கூறிய விடை நூல்வழிப்பட்டதே. எனினும் அதன் மற்றொரு பக்கத்தை எண்ண வேண்டுமென்று இந்நாட்களில் எமக்குத் தோன்றுகின்றது. கண்ணுக்கு ஒளி உதவும் ஞாயிறுபோலன்றி, கண்ணோடு கலந்து நின்று தானும் உடன்காணும் உயிர்போல, இறைவன் உயிர்க்குக் காட்டியும் உடன்கண்டும் உதவுகின்றான் என்பது பதினொன்றாஞ் சூத்திரத்தின் கருத்து. இப்பிறவியில் நண்பர் தம் மனைவியை நோக்கியபொழுதும் அவன் காட்டக் கண்டார். உடன் அவனுங் கண்டான். முத்தியில் உயிர் அவன் அறிவினுள் அடங்கி நிற்கும். அவன் அறிவுக்குப் புறம்பாய் யாதொரு பொருளும் இல்லை. நாற்பதாண்டுக்கு மேல் அவரொடு வாழ்ந்த அவ்வம்மையாரும் புறம்பாதல் எங்ஙனம்? "இவள் என் மனைவி" என்னுஞ் சுட்டு ஆண்டு இல்லாமை உறுதி. சுட்டு நீங்கிய அறிவு அறியாமையாகிவிடாது என்பதும் உறுதி. சுட்டறிவு இன்றென்றால் அன்புக்குரியார் அறியப்படாது ஒழிவர் என்று பொருள்கொள்வது, கேவலத்தின் இருளை முத்தியின்மேல் ஏற்றுவதாகும்.

திருவஞ்சைக்களத்தினின்று நம்பியாரூரர் வெள்ளானைமேற் சென்றதை அறிந்து, குதிரையின் செவியில் ஐந்தெழுத்தை ஓதிச் சேரமான் பெருமாள் பின்தொடர்ந்ததும், அழையாது வந்தவர் என்று வாயிலில் தடையுண்டதும், நண்பர் உள்ளே சென்று விண்ணப்பஞ் செய்ய அழைக்கப்பெற்றதும் யாவரும் அறிந்தன. கைலைமலையிற் சேர்ந்ததுகொண்டு பரமுத்தி நிலையை அளத்தல் கூடாதென்பார் கூற்றை யாம் மறுக்கவில்லை. அதனால் இதனை எம் கருத்துக்குப் பிரமாணமாகக் காட்டாது, நினைவுக்கு வந்தது பற்றிச் சொல்லிவைத்தோம். ஆயினும், நட்பொன்றையே துணையாகக்கொண்டு அழையாது வந்த ஒருவரை அவ்வாயில் திருப்பியனுப்பவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

சுட்டறிவின் நீக்கம், உடன்காணும் உபகாரம் ஆகிய இவ்விரண்டையும் இயைத்து யாம் மேலே கூறியது பொருந்துமோ, அன்றிச் சூத்திரத்தின்மேல் எமது ஆற்றாமையை ஏற்றிக் கூறியதாய் முடியுமோ என்பதை மடங்களில் முறையாகப் பாடஞ் சொல்லும் பெரியோர் ஆராய்ந்து எழுதுவாராயின் இப்பத்திரிகையில் உவந்து வெளியிடுவோம். எங்கள் ஊர் வகுப்பில் எட்டாஞ் சூத்திரம் இப்பொழுது நடக்கின்றது. பதினொன்று வருதற்கு இன்னுஞ் சில திங்கள் ஆகும்.