நடுவயதுக் கல்வியும் இல்லறக் கடமையும்

கல்வி என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது ஓர் இளம் முகமே. சீருடை அணிந்த சிறுவனும், அதற்கு மேற்போனால் கல்லூரி வாயிலில் நிற்கும் இருபது வயது இளைஞனுமே மாணவர் என்னும் பெயருக்கு உரியவர் என எண்ணிப் பழகிவிட்டோம். நாற்பத்தைந்து வயதுடைய ஒருவர் கல்லூரி விண்ணப்பத்தைக் கையில் வைத்திருந்தால், ‘பிள்ளைக்கா?’ என்றே கேட்கிறோம். ‘எனக்குத்தான்’ என்று அவர் விடையிறுத்தால், அடுத்த வினாவை வாய்விட்டுக் கேட்பதில்லை, மனத்துள் கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகள் படிக்க வேண்டிய காலத்தில் இவருக்கு இது எதற்கு? அவ்வினாவில் ஓர் அறச்சிக்கல் அடங்கியிருக்கிறது. அதனைச் சற்று விரித்து நோக்குவோம்.

நம் முன்னோர் வாழ்நாளைப் பகுத்த முறையில் மாணவப் பருவம் ஒருமுறைதான் வருகிறது. கற்கும் பருவம் கழிந்தால் இல்லறம். இல்லறம் கழிந்தால் துறவின் வாயில். இல்லறத்தின் நடுவே மீண்டும் ஏடு திறப்பதற்கு அப்பகுப்பில் இடமில்லை. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. இன்று அது 70ஐ ஒட்டி நிற்கிறது. மைய அரசு ஊழியரின் ஓய்வு வயதும் 1998இல் 58இலிருந்து 60 ஆயிற்று. வாழ்நாள் இருமடங்காயினும், பதினெட்டு வயதில் கற்ற ஒரு கைத்திறன் கடைசிவரை சோறு போடும் என்னும் நம்பிக்கையை மட்டும் நாம் கைவிடவில்லை.

அந்நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியதற்குக் காரணமும் உண்டு. தில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நம் தந்தையரையும் பாட்டன்மாரையும் அழைத்து வந்தது தட்டச்சும் சுருக்கெழுத்தும் அல்லவா? ஊரில் ஒரு மாடிப்படியின்கீழ் இயங்கிய பயிற்சி நிலையத்தில் ‘ஹையர்’ தேறிய சான்றிதழ் ஒன்று, ஒரு தகரப்பெட்டி, உறவினர் ஒருவரின் முகவரி. இவற்றைக் கொண்டே முப்பத்தைந்து ஆண்டுப் பணியும், பிள்ளைகளின் படிப்பும், மகளின் திருமணமும் நிறைவேறின. அச்சான்றிதழ் மகத்தானது, அதில் ஐயமில்லை. ஆனால் அது பிழைத்தது காலத்தின் தயவால். தட்டச்சுப்பொறிகள் பழம்பொருள் ஆகிவிட்ட இந்நாளில், அதே திறமையோடு ஓர் இளைஞன் இரயிலேறினால் அவனுக்கு என்ன கிடைக்கும்?

காலம் தயவு காட்டாதபோது நடப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 1982 ஜனவரியில் பம்பாயின் நெசவாலைத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பல ஆலைகள் மீண்டும் இயங்கவே இல்லை. தறியைத் தவிர வேறொன்றும் அறியாத நாற்பது வயது மனிதர் அன்று காய்கறி வண்டி தள்ளினார், காவற்காரர் ஆனார், ஊருக்குத் திரும்பினார். அவர்க்கென ஒரு கல்லூரியும் கதவு திறக்கவில்லை. பின்னர் 2020 ஜனவரி இறுதியில், பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனத்தின் விருப்ப ஓய்வுத் திட்டத்தின்கீழ் 78,000க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் பணியினின்று நீங்கினர். ஐம்பது வயது நிறைந்தோர்க்கான திட்டம் அது. இவர்கள் கையில் பணம் இருந்தது. உடலில் வலுவும் இருந்தது. திங்கட்கிழமை காலை எங்குச் செல்வது என்பதற்கு மட்டும் விடை இல்லை.

இவ்வகையில் படைவீரர் வாழ்வு நமக்கு நல்ல பாடம். ஓய்வூதியத்துக்குரிய பதினைந்து ஆண்டுகளை நிறைவுசெய்து, நாற்பதை எட்டுமுன்னரே சீருடை களையும் சிப்பாய்கள் மிகப் பலர். அவர்களை வேறு தொழிலுக்கு ஆயத்தப்படுத்துவதற்கெனப் பாதுகாப்பு அமைச்சகத்தில் தனி இயக்ககமே இருக்கிறது. அதிகாரிகளுக்கு மேலாண்மைக் கழகங்களில் பாடத்திட்டங்கள் நடைபெறுகின்றன. ஒரு மனிதனுக்கு இரண்டாம் தொழில் ஒன்று தேவைப்படும் என்பதை முதல் தொழில் முடியுமுன்னரே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. அலுவலகங்களும் ஆலைகளும் தம் ஊழியர்க்கு இத்தகைய மரியாதையைச் செய்யலாகாதா என்பது நம் ஆதங்கம்.

வாயில்கள் இல்லாமலில்லை. 1962இலேயே தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் இத்துறையில் இறங்கின. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. மூன்றாண்டுப் பட்டத்தை ஆறாண்டுவரை நிதானமாகப் படிக்கலாம் என்னும் அதன் ஏற்பாடு, வேலைக்குச் செல்வோரின் நிலையறிந்து செய்யப்பட்டது. மருத்துவ நுழைவுத்தேர்வுக்கு இருந்த வயது உச்சவரம்பும் 2022இல் நீக்கப்பட்டது. சட்டம் வழிவிட்டுவிட்டது, இல்லம் வழிவிடுமா என்பதே மிச்சமுள்ள வினா.

இல்லம் தயங்குவதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். குடும்பத்தின் பணமும் நேரமும் ஒருவர்க்கே உரியன அல்ல. தந்தை ஞாயிறுதோறும் பாட வகுப்புக்குச் சென்றால், அந்த ஞாயிறு யாரிடமிருந்தோ எடுக்கப்பட்டதுதான். மகனின் பொறியியற் கட்டணமும் தந்தையின் மேற்படிப்புக் கட்டணமும் ஒரே மாதத்தில் வந்து நின்றால் மகனுடையதே முந்த வேண்டும் என்பது நம் மரபு. இளையவன் முன்னே நாற்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. மூத்தவர் முன்னே பதினைந்தோ இருபதோ. கணக்கென்று பார்த்தால் மரபு வெல்லும்.

ஆயினும் அக்கணக்கு ஒன்றை விட்டுவிடுகிறது. வேலையிழந்த தந்தை பதினைந்தாண்டு வீட்டில் வெறுமே அமர்ந்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதனைச் செலுத்துவோர் மனைவியும் மக்களுமே. மேலும், மக்களுக்காகவே வாழ்கிறோம் என்று சொல்லித் தம் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் பெற்றோர், பிற்காலத்தில் அத்தியாகத்தின் பெயரால் மக்களிடம் எவ்வளவு வசூலிக்கின்றனர்! முதுமையிலும் தம் காலில் நிற்க முயலும் ஒருவரின் படிப்பைத் தன்னலம் என்று தள்ளுவது எளிது. பிள்ளைகள்மேல் சுமையாக விழாதிருக்க அவர் செய்யும் ஏற்பாடாகவும் அதனைக் கருதலாம். வள்ளுவரும் கல்வி அதிகாரத்தை இளையோர்க்கு மட்டும் என்று வரையறுக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்து வந்த சி. வை. தாமோதரம் பிள்ளையை இங்கு நினைக்கிறோம். 1832இல் பிறந்த அவர், அரசுப் பணியில் இருந்துகொண்டே நாற்பதை நெருங்கும் வயதில் சட்டத்தேர்வு எழுதித் தேறினார். கும்பகோணத்தில் வழக்கறிஞர் ஆனார். பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் அமர்ந்தார். கலித்தொகையை அவர் பதிப்பித்த 1887ஆம் ஆண்டில் அவருக்கு வயது ஐம்பத்தைந்து. இரண்டாம் தொழில் அவரது தமிழ்ப்பணியைத் தின்றுவிடவில்லை என்பது இதனாற் புலனாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நடுவயதினரின் அச்சத்தை முதலாக்கி நடத்தப்படும் படிப்புகள் இப்போது பெருகிவிட்டன. சில மாதச் சான்றிதழுக்குச் சில இலட்சங்கள் கேட்கும் விளம்பரங்கள் நாள்தோறும் கண்ணில் படுகின்றன. ஐம்பது வயதினரை வேலைக்கு எடுப்போர் எத்தனை பேர் என்பதை அவை சொல்வதில்லை. இளைஞன் ஏமாந்தால் மீள்வதற்கு ஆண்டுகள் உண்டு. வருங்கால வைப்புநிதியை எடுத்துக் கட்டணம் செலுத்தியவர் ஏமாந்தால் என் செய்வார்? முன்னர்ப் பயின்றோர் எந்த வேலையில் அமர்ந்தனர் என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. விடை சொல்லத் தயங்கும் கல்லூரியினின்று விலகுவதே நன்று. அரசின் திறந்தநிலைக் கல்வியில் இந்த ஆபத்துக் குறைவு. பட்டம் பெற்றவுடன் வேலை என்று அங்கு யாரும் ஆசை காட்டுவதில்லை.

இதுவரை தந்தையைப் பற்றியே பேசிவந்தோம். நம் குடும்பங்களில் பாதியில் படிப்பை நிறுத்தியவர் பெரும்பாலும் தாயே ஆவார். திருமணமாகிக் கணவனின் வேலையைத் தொடர்ந்து மொழி தெரியாத ஊருக்கு வந்தவர். ஒவ்வோர் இடமாற்றத்திலும் தம் வேலையைத் துறந்தவர். பிள்ளைகள் வளர்ந்தபின், நாற்பத்திரண்டு வயதில் ஆசிரியப் பயிற்சியோ நூலகவியலோ பயில அவர் விரும்புகிறார் என்று கொள்வோம். தந்தை படித்தால் ‘பாவம், இந்த வயதிலும் உழைக்கிறார்’ என்னும் சுற்றத்தார், தாய் படித்தால் ‘பொழுது போகவில்லை போலும்’ என்கின்றனர். முன்னது கடமை, பின்னது பொழுதுபோக்கு என்று தீர்ப்பளித்தவர் யார்? இருவரும் எழுதுவது ஒரே வினாத்தாளைத்தானே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜூன் மாதத் தேர்வுக்குரிய ஒப்படைவுகளை எழுதி அனுப்ப வேண்டிய நாட்கள் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வந்து விழும். பிள்ளைகளின் பொதுத்தேர்வும் அப்போதுதான். மகளுக்கு இரவு பதினொரு மணிக்குக் காப்பி கலந்து கொடுப்பவர் தாய். அவர் தம் ஒப்படைவை எழுத அமர்வது அதற்குப் பின்னர். அவருக்குக் காப்பி கலந்து கொடுப்பவர் யார் என்பதை அந்த வீட்டார் தமக்குள் பேசி முடிவு செய்யட்டும். ஆனால் விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் பேசட்டும்.