பிரம்படி யார்மேல் விழுந்தது?

ஆவணி மாதத்து மாலைப்பொழுதொன்றில், பொன்னம்பலவாணேசர் கோயிலிலே சாயரட்சைப் பூசையைத் தரிசித்துவிட்டு, அங்கே மிதித்த கருங்கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் இன்னும் தங்கியிருக்க, தொடர்மாடியின் நான்காம் தளத்துக்குப் படியேறி வந்த என்னிடம் என் பெறாமகள் ஒரு கேள்வி கேட்டாள். கடைத்தெருவில் விசாரித்து முடிக்கவேண்டிய விவகாரம் என்றே அது முதலில் எனக்குத் தோன்றியது. இரவு படுக்கையில் புரண்டுகொண்டிருந்தபோதுதான், சித்தாந்த சாத்திரத்தைத் துணைக்கொண்டு விசாரிக்கவேண்டிய கேள்வியும் அதற்குள் இருந்தது என்பதைக் கண்டேன்.

"பெரியப்பா, இவன் ஓடித்திரியிற பிள்ளை. ஸ்காபரோவில இருக்கிற அண்ணா, பிறந்தநாளுக்கு வீடியோ கேம் மெஷின் வாங்கிக் குடு எண்டு காசு அனுப்பியிருக்கிறார். வாங்கினால் ஒரு மூலையில குந்தியிடுவானோ எண்டு பயமாக் கிடக்கு. வாங்காட்டி அண்ணா கோவிப்பார். எதை வாங்கிறது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

பையனுக்கு 14 வயது. பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியில் இடப்பக்கம் ஓடுகிறவன். படிக்கட்டை இரண்டிரண்டாகவே ஏறுகிறவன். சோற்றுக்கோப்பையைக் கையில் ஏந்தியபடியே வீட்டை வலம்வருகிறவன். நான் சிறுவனாயிருந்த காலத்தில் போளை அடிக்கவும் கிளித்தட்டு மறிக்கவும் இடங்கொடுத்த ஜெம்பட்டா வீதியின் ஒழுங்கைகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றனவாயினும், அவற்றில் முச்சக்கரவண்டிகள் வரிசையாய் நிற்கின்றன. பந்து உருண்டால் யாரோ ஒருவருடைய வண்டிக் கண்ணாடியிற் போய் முடிகிறது. ஆதலால் தாயின் அச்சத்தையும் நான் அலட்சியம் செய்யவில்லை, மாமனுடைய அன்பையும் குறைகூறவில்லை.

இத்தகைய சந்தர்ப்பங்களில் விளையாட்டே வீண் என்று ஒரே வார்த்தையில் வழக்கை முடித்துவிடும் பெரியவர்கள் உண்டு. அவ்வார்த்தை நம்முடைய சமயத்துக்கு உரியதன்று. தெய்வத்தைக் குழந்தையாக்கிச் சிறுபறை கொட்டவும் சிறுதேர் உருட்டவும் அழைத்துப் பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் நம் முன்னோர்கள். மதுரைச் சொக்கனுடைய செயல்கள் அறுபத்துநான்கையும் தொகுத்த பரஞ்சோதி முனிவரின் நூல் திருவிளையாடல் என்றே பெயர்பெற்றது. 1897ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கொழும்புத் துறையில் வந்திறங்கிய விவேகானந்த சுவாமிகள், சில வாரங்களுக்குப் பின் சென்னையில் இளைஞரை நோக்கி, கீதையைப் படிப்பதற்குமுன் உதைபந்தாடி உடலை உரமாக்கிக்கொள்ளுங்கள் என்ற கருத்தை அஞ்சாது எடுத்துரைத்தார். அவர் பெயரால் 1902இல் தோன்றிய சபை இதே கொட்டாஞ்சேனை மேட்டில்தான் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, 1856இல் பொன்னம்பல முதலியார் எழுப்பி, பின்னர் அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லினால் திருப்பணி செய்வித்த கோயில் பொன்னம்பலத்து ஆடலரசின் பெயரையல்லவா தாங்கி நிற்கிறது? அந்த ஆடலின் தத்துவத்தை 1918இல் ஆங்கிலத்தில் எழுதி மேல்நாட்டாருக்கு உணர்த்திய ஆனந்த குமாரசுவாமியும் கொழும்பிலே பிறந்தவர். இராமநாதனுக்கு மாமன் மகன்.

ஆயினும், இறைவன் ஆடுகிறான் என்பதனாலேயே எல்லா ஆட்டமும் புனிதம் என்று கொள்வது அவசரமாகும். பிரமத்துக்கு உலகப் படைப்பு வெறும் விளையாட்டேயென்று பாதராயணர் சூத்திரம் செய்தார். நிறைவுடைய பொருளுக்குப் பெறவேண்டிய பிரயோசனம் ஒன்றுமில்லையாதலின் அவ்வாறு கூறுவதே நியாயம் என்பது அவர் கருத்து. அருணந்தி சிவாசாரியாரோ, சிவஞான சித்தியாரில் இதே வினாவை எழுப்பி, முதல்வனுடைய விளையாட்டென்று சொல்வதும் பொருந்துமென ஓரடி இடங்கொடுத்து, அவ்விடத்தில் நின்றுவிடாமல், உயிர்கள் போகமும் முத்தியும் பெறவேண்டுமென்ற அருளே ஐந்தொழிலுக்கும் காரணம் என்று நிலைநாட்டுகிறார். அப்படியாயின், விளையாட்டைப்பற்றி முதலிற் கேட்கவேண்டிய கேள்வி அது எவ்வளவு நேரம் ஆடப்படுகிறது என்பதன்று. யார்பொருட்டு ஆடப்படுகிறது, அதில் வேறோர் உயிருக்கு இடமுண்டா என்பதேயாகும்.

இதைத் தெளிவாக்கும் கதை நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்; தெரிந்த கதையாதலாலேயே அதன் நடுவிலுள்ள அற்புதத்தை விரைந்து கடந்துவிடுகிறோம். வையை பெருகிக் கரையை உடைத்தபோது, வீட்டுக்கொரு பங்கென்று அடைக்கப் பாண்டியன் ஆணையிட, பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தியென்னும் கிழவிக்குக் கூலியாளாகச் சொக்கனே வந்தான். உதிர்ந்த பிட்டையெல்லாம் கூலியாகத் தின்றான். பின்பு மண்ணைக் கூடையில் அள்ளுவதும் கொட்டுவதும், பாடுவதும் ஆடுவதும், மரநிழலிற் கிடந்து உறங்குவதுமாகப் பொழுதைப் போக்கினான். ஓரிடத்தில் நில்லாத சிறுவனுடைய சுபாவத்தைப் புராணிகர் எவ்வளவு நுணுக்கமாகக் கண்டிருக்கிறார்! அரசன் வந்தான், வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமலிருக்கக் கண்டு, பிரம்பை ஓங்கிக் கூலியாளின் முதுகில் ஒன்று வைத்தான். அந்த அடி அமைச்சர்மேல் விழுந்தது, அரசியர்மேல் விழுந்தது, யானை குதிரைமேல் விழுந்தது, கருவிலிருந்த குழந்தைமேலும் விழுந்தது, ஓங்கிய கையையுடைய அரசனுடைய முதுகிலேயே விழுந்தது. அடித்தவனே அடிபட்டான். கூலியாள் ஒரு கூடை மண்ணைக் கரையிற் கொட்டிவிட்டு மறைந்தான், கரையும் அடைபட்டது.

தெய்வத்தின் விளையாட்டு இதுவானால், அதன் இலக்கணம் அடி எங்கும் போய்ச் சேர்தலே என்று நான் எண்ணுகிறேன். ஒருவன் நோவு இன்னொருவனுக்குத் தெரியாமற் போகும்படி அங்கே சுவர் ஏதுமில்லை. பிள்ளைகளுடைய நல்ல விளையாட்டிலும் இதன் சாயல் உண்டு: உதைபந்தாட்டத்தில் தவறுதலாகக் கணைக்காலில் உதைத்துவிட்ட பையன், நடுவர் ஊதுமுன்னரே குனிந்து, விழுந்தவனுக்குக் கைகொடுக்கிறான்.

இனி, தொலைக்காட்சித் திரைக்குள் நிகழும் விளையாட்டுக்கு வருவோம். அங்கே ஒரு மாலைப்பொழுதில் நூறு பேரை வீழ்த்தலாம், ஒருவருக்கும் நோவதில்லை. நோவில்லையாதலின் பாவமுமில்லை என்று சொல்வார்கள், அது உண்மையே. ஆனால் பாவமில்லாமை வேறு, பயிற்சியில்லாமை வேறு. இக்கருவிகளைச் சமைத்தவர்களும் ஏதோ குறைகிறதென்று உணர்ந்திருக்கவேண்டும். 1997இல் நின்டெண்டோ நிறுவனத்தார், கைப்பிடியில் பொருத்தினால் நடுங்கும் சிறுபெட்டியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 2020இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5இன் கைப்பிடியோ, மழைத்தூறலையும் மணலில் நடப்பதையும் வெவ்வேறு நடுக்கமாக உள்ளங்கைக்கு உணர்த்தத்தக்க நுட்பம் வாய்ந்தது. ஆடுகிறவனுடைய உருவம் பட்ட அடியையும், அவன் விடுத்த குண்டின் உதைப்பையும் அந்த நடுக்கம் அவனுக்குச் சொல்லும்; அவன் அடித்தவனுடைய நோவைச் சொல்லாது. பாண்டியன் முதுகில் விழுந்த அடியை உண்டாக்கும் பொறி இன்னும் செய்யப்படவில்லை.

நியாயத்தின்பொருட்டு ஒன்றைச் சொல்லவேண்டும். 1985இல் ரிச்சர்ட் காரியட் என்பவர் 'அல்டிமா' வரிசையில் நான்காவதாக ஒரு கணினி விளையாட்டைச் செய்தார். அவதாரம் என்னும் நம்முடைய சொல்லை அதன் பெயரிலேயே வைத்துக்கொண்டார். அதன் முடிவில் கொன்றொழிக்கவேண்டிய அரக்கன் இல்லை. கருணை, வாய்மை, பணிவு முதலிய எட்டுக் குணங்களில் ஆடுகிறவன் தேறவேண்டும். அதிலே கண்பார்வையற்ற மூலிகை வியாபாரியிடம் பொருள் வாங்கும்போது, காசை எண்ணி வைப்பது வாங்குகிறவனுடைய பொறுப்பு. குறைத்து வைத்தாலும் அப்போது கேட்பாரில்லை. ஆனால் அவனுடைய வாய்மைக் கணக்கிலே அது குறைந்துவிடும். வந்தியின் பிட்டுக்கடை என் நினைவுக்கு வந்தது. ஆகவே குற்றம் திரையினுடையதன்று; திரைக்குள் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அவதாரம் என்றவுடன் வேறொரு வழக்கும் நினைவுக்கு வருகிறது. 2009இல் பிளேஸ்டேஷன் 2இற்காக ஹைதராபாத்தில் உருவாக்கப்பட்ட 'ஹனுமான்: பாய் வாரியர்' வெளிவந்தபோது, தெய்வத்தை ஒரு பொத்தானால் ஆட்டிவைப்பது அபசாரம் என்று அமெரிக்காவிலிருந்து ஆட்சேபம் எழுந்தது. எனக்கு அந்த ஆட்சேபம் முழுவதும் உடன்பாடன்று. மலையகத்துக் காமன்கூத்தில் தேவவேடம் தாங்குகிறவனும் மனிதன்தானே? ஆனால் அவன் விரதமிருந்து, நியமத்தோடு அந்த வேடத்துக்குள் புகுகிறான். சப்பாத்தோடு கதிரையிற் சாய்ந்தபடி, பாதி தின்ற பணிஸ் ஒரு கையிலிருக்க, அஞ்சனை மைந்தனைத் தாவச்செய்வது பெரும்பாவமென்று நான் சொல்லமாட்டேன். வேடத்துக்கு முன்னே விரதம் இல்லாமற்போனதற்காக மனம் வருந்துகிறேன்.

சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்பது சித்தாந்தம். செம்பருத்தியின் அருகே வைத்த பளிங்கு சிவப்பாய்த் தோன்றுவதுபோல, ஆன்மா எதைச் சார்கிறதோ அதுவாகவே நின்றுவிடுகிறது. கட்டுப்பாடு கைவிட்டுப்போய், மற்றெல்லாக் கடமைகளுக்கும் மேலாக விளையாட்டு ஏறிநின்று, கேடு விளைவது தெரிந்தபின்னும் தொடரும் நிலையை உலக சுகாதார நிறுவனம் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பிலே சேர்த்து, 2022 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வைத்தியர்கள் இப்போது பெயரிட்டதை நம் ஆசாரியர்கள் வேறு மொழியில் அறிந்திருந்தார்கள். எனினும், பளிங்கு எதையும் சாராமல் நிற்கமாட்டாது என்பதும் அதே சித்தாந்தந்தான். ஆதலால் பிள்ளைக்கு ஒன்றும் வாங்கிக்கொடாதிருப்பதால் விடை கிடைத்துவிடாது.

இரண்டு சனிக்கிழமைகள் பையனையும் அழைத்துக்கொண்டு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவிலும் நடந்தேன். பிளேஸ்டேஷனுடைய காட்சியின் அழகைக் கண்டு நானே பிரமித்து நின்றேன். ஆனால் பெட்டியைத் திறந்தால் கைப்பிடி ஒன்றுதான் இருக்கும், இரண்டாமவனுக்குத் தனியே பணம் கொடுக்கவேண்டும். எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் விலை குறைந்தது. அதில் இறுவட்டுப் போடும் வாய் இல்லையாதலின், கூட்டாளியிடம் விளையாட்டை இரவல் வாங்கவோ கொடுக்கவோ வழியில்லை. இரவல் இல்லாத பிள்ளைப்பருவத்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் லைட் என்பது எல்லாவற்றிலும் மலிவு. கடைப்பிள்ளை அதையே எடுத்துத் தந்தான். கைக்கு அடக்கமான அழகிய பொருள். ஆனால் கைப்பிடிகள் உடலோடு ஒட்டியவை. ஒருவன் அதன்மேற் குனிந்தால் மற்றவர்களுக்கு அவனுடைய முதுகுதான் தெரியும்.

2017இல் வெளிவந்த சாதாரண ஸ்விட்சை அவன் எடுத்துக் காட்டியபோது, பின்புறத்திலுள்ள ஒரு சிறு பொத்தானை அமுக்கி மேலே இழுக்க, பக்கத்துக் கைப்பிடி 'டிக்' என்ற ஓசையோடு கழன்றுவந்தது, மறுபக்கத்ததும் அவ்வாறே. ஒன்று ஒருவனுக்கு, மற்றது இன்னொருவனுக்கு. பையன் அதைக் கழற்றிய மறுகணமே, யோசிக்காமல், ஒரு பாதியை என் பக்கம் நீட்டினான். எனக்கு அப்போதே விடை கிடைத்துவிட்டது.

அதனோடு 2019இல் வந்த ரிங் பிட் அட்வெஞ்சர் ஒன்றும் வாங்கினோம். வளையமொன்றைக் கையில் பிடித்து, தொடையில் பட்டியைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்தில் ஓடினால்தான் திரையிலுள்ள உருவம் ஓடும். இவன் நின்றால் அதுவும் நிற்கும். உடலை மறக்கவிடாத விளையாட்டு என்பதற்காகவே அதை விரும்பினேன்; மைதானத்துக்கு அது ஈடாகுமென்று நான் நினைக்கவில்லை, பயிற்சிக்குப் போகும் நாட்களில் பெட்டியைத் தொடக்கூடாது என்பதைப் பையனே ஒப்புக்கொண்டான். உறையின் மூலையில் 16, 18 என்ற வயது முத்திரை உள்ளவை வீட்டுக்குள் வரக்கூடாது என்பதும், கருவி படுக்கையறையிலன்றி எல்லாரும் நடமாடும் ஹோலிலே இருக்கவேண்டும் என்பதும் தாயின் கட்டளை. இரண்டையும் நான் ஆமோதித்தேன்.

ஒரு மாதம் சென்றபின் ஒருநாள் மாலை, கீழ்வீட்டுச் சிங்களப் பையன் வந்திருந்தான். இருவரும் ஆளுக்கொரு பாதியைக் கையிற் பிடித்து, திரையிலே இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். லூசியாள் பேராலயத்து மணி அடித்தது; நான் கோயிலுக்குப் புறப்படச் சால்வையை எடுத்துக்கொண்டிருந்தேன். உயரத்தில் வந்த பந்தை அடிக்கவேண்டி நம்முடையவன் எகிறி வீச, அவனுடைய முழங்கை கூட்டாளியின் கன்னத்தில் 'பட்' என்று பட்டது. கையிலிருந்தது நழுவித் தரையில் விழுந்ததைக்கூட அவன் பார்க்கவில்லை. "மச்சான், நோகுதாடா?" என்றபடி குளிர்சாதனப் பெட்டிக்கு ஓடி, ஐஸ்கட்டியைத் தன் சட்டை நுனியிற் சுற்றிக்கொண்டு வந்து, கன்னத்தில் ஒற்றினான். அடிபட்டவன் சிரித்துக்கொண்டிருந்தான்; அடித்தவன் கண்ணில்தான் நீர் நின்றது. திரையிலே இரண்டு பொம்மைகளும் மட்டையைத் தாழ்த்திப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தன.