என்ன பாவம் பண்ணினேன்?

டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். ஊசி குத்திய கையை அசைக்காமல் நான்கு மணி நேரம் படுத்திருப்பவர்கள் எப்படியும் ஒரு நாள் கேட்டுவிடுகிறார்கள்: "நான் என்ன பாவம் பண்ணினேன் சிஸ்டர்?" போன ஜென்மத்து வினை என்று பக்கத்திலிருக்கும் சொந்தக்காரர்கள் தேற்றுவார்கள். எனக்கு நெஞ்சு கொதிக்கும். கடவுளை நம்புகிறவள் என்பதால்தான் கொதிக்கிறது.

ஒரு சித்திரை மாதம், அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா தாகம் தாங்காமல் வழியில் இளநீர் குடித்துவிட்டு வந்தார். கைகால் ஓய்ந்து, பேச்சே எழவில்லை. ஈசிஜி எடுத்தோம், டி அலைகள் கூர்கூராக உயர்ந்து நின்றன. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது. லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய உப்பு அது. மிஞ்சினால் இதயமே நின்றுபோகலாம். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அதே இளநீர் சில மணி நேரத்தில் சிறுநீராய்க் கழிந்திருக்கும்.

அந்த நல்ல சிறுநீரகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியே விடுகிறது. வியர்த்துக் கொட்டினால் மூளைக்குள் ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்து, தாகத்தைத் தூண்டி, சிறுநீரகத்துக்கும் ஹார்மோன் வழியே சொல்லி அனுப்புகிறது. அமிலம் கூடினால் நுரையீரல் வேகமாக மூச்சு விட்டு ஈடுகட்டுகிறது. உடல் இப்படித் தன்னைத்தானே சமநிலையில் வைத்துக்கொள்வதற்கு அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1926-இல் ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயரிட்டார்.

இதில் எதையாவது நான் செய்தேனா? தூங்கும்போதும் நடக்கிறது. பிறர் குடியைக் கெடுத்தவனுக்கும் நடக்கிறது. புண்ணியத்துக்குக் கூலியாக வந்ததல்ல இது. சும்மா கிடைத்த அருள். அப்படியென்றால் அது நின்றுபோவதை மட்டும் எப்படித் தண்டனை என்பது? எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும்தான். சிலருக்குக் கடைசிவரை காரணமே பிடிபடுவதில்லை. அவர்கள் தலையில்தான் 'வினை' என்ற பழி சுலபமாக ஏற்றப்படுகிறது.

சிறுநீரகம் படுத்த பிறகும் மற்ற உறுப்புகள் கைவிடுவதில்லை. தேங்கும் அமிலத்தைத் தணிக்க எலும்பு தன் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கொடுக்கிறது, தான் நலியும் அளவுக்கு. கடவுள் எங்கே என்று என்னைக் கேட்டால் அந்த எலும்பைத்தான் காட்டுவேன். தீர்ப்புச் சொல்கிறவர் அல்ல அவர். ஒன்று விழுந்தால் இன்னொன்றைத் தாங்க வைக்கிறவர்.

அந்த அம்மா தேறியதும் இதையெல்லாம் எனக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோயில்ல தீர்த்தம் குடுத்தா வாங்கிக்கலாமா சிஸ்டர்?" என்றார். "தாராளமா வாங்கிக்குங்கம்மா, ஒரு வாய்தானே. பிரசாத வாழைப்பழத்தை மட்டும் பேரன்கிட்ட குடுத்துடுங்க" என்றேன்.