பொறையும் மறதியும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் ஒருமுறை வினவினார்: "டீச்சர், தொண்ணூற்றைந்து வயது முதியவரை நாட்டை விட்டு வெளியேற்றியது அகிம்சையாகுமா?"

அவர் குறிப்பிட்டது யாக்கிவ் பாலி என்பவரை. 1943இல் போலந்தில் நாஜிகளின் ட்ராவ்னிகி முகாமில் காவலராக இருந்தவர். அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் மட்டும் அங்கே ஏறத்தாழ 6,000 யூதர்கள் கொல்லப்பட்டனர். அப்பணியை மறைத்து 1949இல் அமெரிக்கா சென்றார். 1957இல் குடியுரிமை பெற்று நியூயார்க்கில் வாழ்ந்தார். உண்மை வெளிப்பட்டு 2003இல் குடியுரிமை பறிக்கப்பட்டபோதும், தாம் வற்புறுத்தப்பட்டதாகவே கூறினார். ஏற்க நாடின்றி மேலும் பதினைந்து ஆண்டுகள் அங்கேயே இருந்தார். யூதப் பள்ளி மாணவர்கள் அவர் வீட்டின் முன் கூடிக் குரலெழுப்பினர். 2018இல் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டு இறந்தார்.

நம் மண்ணிலும் இவ்வினா எழுந்ததுண்டு. 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழாரை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அவர் அவ்வட்டாரத்திலேயே வாழ்ந்து, 1980இல் கொலையுண்டார். அக்கொலையால் மாண்டவர் எவரும் மீளவில்லை. அவர் வாயால் உண்மையைக் கேட்கும் வாய்ப்பும் அன்றோடு அழிந்தது.

நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில், மாணவனைக் கடுமையாக அடித்துக் காயப்படுத்திய ஆசிரியரை, "ஓய்வு பெறப்போகும் வயது" என்று கூறி அனைவரும் காத்தோம்; நாமும் வாய் திறக்கவில்லை. அதைப் பொறுமை என்று எண்ணிக்கொண்டோம். மறுநாளும் அப்பிள்ளை அதே வகுப்பில், அதே ஆசிரியர் எதிரில் அமர்ந்தான். அவன் முகத்தை நாம் இன்றும் மறக்கவில்லை. நாம் காட்டியது பொறுமையன்று. அவன் பொறுக்க வேண்டியதை அவனைக் கேளாமல் நாமே பொறுத்துக்கொண்டோம்.

பொறுத்தல் பாதிக்கப்பட்டவரின் உரிமை. பிறர் அதை வழங்க இயலாது. நம் சமயத்திலும் ஆலோசனை, அதாவது செய்த பிழையைக் குருவின்முன் மறையாமல் கூறுதல், முதலில் வருகிறது. கழுவாய் அதன் பின்னரே. முதுமை உடலைத் தளர்த்தும், வினையைத் தேய்க்காது.

ஆதலின் அம்மாணவருக்கு நாம் கூறியது இதுவே: முதியவரைத் துன்புறுத்தல் இம்சை, அவர் செய்ததை மறைக்கத் துணைநிற்றலும் இம்சையே. கை ஓங்காமல் உண்மையைக் கேட்டு வாயிலில் நிற்பதே அகிம்சை. அன்று நாம் அப்பிள்ளைக்காக அவ்வாறு நிற்கவில்லை. இதனை எழுதுவதே நம் ஆலோசனை.